தடித்த தந்தி கீழே

செப்டம்பர் 3, ஞாயிறு

இன்று சர்ச்சில் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் எனக்கு விழா எடுத்தார்கள். விழா என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் வடை இருந்தது, மைக் இருந்தது. தூத்துக்குடியில் வேறென்ன வேண்டும்.

என் தங்கை மகள் டெல்மா ஒரு நீளமான கறுப்புப் பெட்டியை என் முன்னால் வைத்தாள். எங்கள் சீகல் மெல்லிசைக் குழுவை இப்போது நடத்துகிறவள் அவள்தான். கீபோர்டும் வாசிப்பாள், கணக்கு டீச்சர்போல் முகத்தையும் வைத்துக்கொள்வாள். பெட்டியைத் திறந்தேன். உள்ளே இடதுகை பேஸ் கிட்டார். பிறவி இடதுகை. தொழிற்சாலையிலேயே இடதுகைக்காரனுக்கென்று செய்தது. குழுவில் எல்லாரும் சேர்ந்து வரவழைத்தார்களாம்.

“மாமா, எனக்கு மட்டும் ஒரு நெசமான இடதுகை கிட்டார் கெடச்சிருந்தா இந்த ஊர் எங்கயோ போயிருக்கும்னு நான் பாவாட கட்டுன நாள்லயிருந்து சொல்லுதீங்க. இந்தா கெடச்சிருச்சி. பதினேழாந்தேதி நம்ம குழு பொன்விழாக் கச்சேரியில காட்டுங்க” என்றாள்.

கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

பின்னாளில் இதைப் படிப்பவர்களுக்காக ஒன்று விளக்கிவிடுகிறேன். நான் பொனிபாஸ் மோத்தா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவன், ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். நான் இடதுகைக்காரன். என் இளவயதில் இந்த ஊரில் இடதுகை பேஸ் கிட்டார் என்றால் கடைக்காரன் சிரிப்பான். ஆகவே வலதுகைக் கிட்டாரை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தேன். உலகம் முழுக்கத் தடித்த தந்தி மேலே, மெல்லிய தந்தி கீழே. எனக்கு மெல்லியது மேலே, தடித்தது கீழே. மற்ற இடதுகைக்காரர்கள் தந்திகளைக் கழற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். அது கோழைகளின் வழி. நான் தந்தியைத் தொடவில்லை, என் விரலை மாற்றினேன். ஒருமுறை துறைமுகத்துக்கு வந்த கிரேக்கக் கப்பல் கேப்டன் என் வாசிப்பைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றி அழுதான்.

அந்தப் பழைய கிட்டாரில் நான் செய்த வேலைகளைத் தனிப் புத்தகமாகவே எழுதலாம். திருப்பிப் பிடித்தால் கிட்டார் உடம்பின் நீளக் கொம்பு கீழே வந்து விரலை மறிக்கும். ரம்பம் வைத்து அறுத்தேன். வால்யூம் குமிழ்கள் மேலே வந்து முழங்கையில் உரசித் தானாகத் திரும்பிக்கொள்ளும். அவற்றின் மேல் பல்பொடி டப்பா மூடியைக் கவிழ்த்துத் திருகினேன். தோள்வார் மாட்ட இன்னொரு கொம்பில் புது ஆணி அடித்தேன். இன்ஜினியர்கள் வந்து பார்க்க வேண்டிய வேலை. ஒருவனும் வரவில்லை.

மைக்கைப் பிடித்து நானும் பேசினேன், பேச்சின் முடிவில் கூட்டத்தைப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஹிலாரி கொரேரா வடை தின்றுகொண்டிருந்தான். அவனும் ஒரு காலத்தில் பேஸ் வாசித்தவன், வலதுகைக்காரன், எங்கள் எதிர்க்குழுவில் இருந்தவன். கீபோர்டிலேயே பேஸ் சத்தம் வருகிறது என்று அந்தக் குழு அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இப்போது வலைக் கடையில் நைலான் நூல் எடை போடுகிறான். பார்க்கப் பாவமாக இருந்தது. பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த என் பழைய கிட்டாரை எடுத்துக்கொண்டு மைக்கிலேயே கூப்பிட்டேன்.

“ஹிலாரி, இங்க வாரும். இனி எனக்கு இது எதுக்கு? என் பழைய கிட்டார நீரே வச்சிக்கிடும். வலதுகைக்காரருக்கு இது போதும்.”

கை எண்ணெயை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டான். நன்றிகூடச் சொல்லத் தெரியாத மனிதன். இதுபோன்ற தாராள குணம் என் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது.

செப்டம்பர் 5, செவ்வாய்

கேஸ் புக் செய்தேன். என் பெண்டாட்டி அமலி ஊளி மீன் கேட்டாள், சந்தையில் இல்லை, பாறை மீன் வாங்கிவந்தேன், அதற்கு ஒரு பேச்சு.

புதுக் கிட்டாரைப் பரிசோதித்தேன். குறைகள் ஏராளம். முதலாவது, பளபளப்பு. வாசிக்கிறவனைவிடக் கிட்டார் பளபளக்கக் கூடாது. இரண்டாவது, மடியில் வைத்தால் வயிறு நிறைந்த பூனைபோல் அசையாமல் கிடக்கிறது. என் பழையது தலைப்பக்கம் சாய்ந்து இழுக்கும், அதைத் தாங்கிப் பிடிப்பதில்தான் ஒரு வீரியம். குமிழ்கள் எல்லாம் கைக்குத் தொந்தரவில்லாமல் கீழே இருக்கின்றன. ஒயர் ஒழுங்காகக் கீழே தொங்குகிறது. சோம்பேறிகளுக்காகச் செய்யப்பட்ட கருவி.

பெரிய குறை என்னவென்றால் தந்திகள் தப்பாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. தடித்த தந்தி மேலே இருக்கிறது.

செப்டம்பர் 7, வியாழன்

ஒத்திகை. டிரம்ஸ்காரன் எண்ணிக்கை கொடுத்தான், நான் இறங்கினேன். பாட்டு கீழே போக வேண்டிய இடத்தில் கிட்டார் மேலே போனது. மேலே போக வேண்டிய இடத்தில் லாரி ரிவர்ஸ் எடுப்பதுபோல் ஒரு சத்தம். டிரம்ஸ்காரன் குச்சியை வாயில் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

“மாமா, மறுபடி போவோமா?” என்றாள் டெல்மா.

மறுபடி போனோம்.

“மாமா, சுருதி சேத்துட்டீங்கல்லா?”

“சுருதியெல்லாம் சரியாத்தான் இருக்கு. கடக்காத்து. புதுக் கழுத்து கொஞ்சம் ஈரம் குடிச்சிருக்கு.”

“ஏசி ரூம்ல கடக்காத்தா?”

இந்தக் காலத்துப் பெண்களுக்கு மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் விரலில் ஒரு பிழையும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். விரல் எங்கே போக வேண்டுமோ அங்கேதான் போயிற்று. அங்கே வேறு தந்தி இருந்தால் அதற்கு நான் பொறுப்பா?

மூன்றாவது பாட்டிலிருந்து டெல்மா இடது கையால் கீபோர்டின் பேஸையும் சேர்த்து வாசித்தாள். எனக்குத் துணையாக என்றாள். கீபோர்டு பேஸ் என்பது காலி பிரிட்ஜை யாரோ உதைப்பதுபோல் இருக்கும். அதைக் கேட்டு வாசிக்க என்னால் முடியவில்லை, கையை எடுத்துவிட்டேன். பாட்டு நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். சங்கீதம் தெரியாதவர்கள்.

செப்டம்பர் 10, ஞாயிறு

பூசைக்குப் பின் யாரும் பார்க்காதபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு துரைப்பாண்டி கடைக்குப் போனேன். ரேடியோ, மிக்சி, கிட்டார் எல்லாம் பழுது பார்க்கிறவன். மிக்சி நன்றாகப் பார்ப்பான்.

“தந்திய அப்படியே மாத்திப் போடணும் துரை. தடிச்சது கீழ, மெல்லிசு மேல.”

அவன் கிட்டாரையும் என்னையும் பார்த்தான்.

“அண்ணாச்சி, எல்லாவனும் கோணலா இருக்கத நேராக்கிக் குடுன்னு சொல்லுவான். நீங்க நேரா இருக்கதக் கோணலாக்கச் சொல்லுதிய.”

“அது ஒரு டெக்னிக்கு. ஒனக்குச் சொன்னாப் புரியாது.”

“எனக்கா புரியாது? சிங்கப்பூர்ல எத்தன கிட்டாரு பாத்தவன் நான்!” என்றான். அவன் சிங்கப்பூரில் பார்த்தது ஓட்டல் வேலை என்பது ஊருக்கே தெரியும்.

மாற்றிப் போட்டான். கழுத்தின் முனையில் தந்திகள் உட்காரும் வெள்ளைக் கட்டை ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு தந்திக்கும் அதன் பருமனுக்கு ஏற்ற பள்ளம். மெல்லிய தந்திக்கான பள்ளத்தில் தடித்தது இறங்காமல் மேலேயே நின்றது. தடித்ததற்கான பள்ளத்தில் மெல்லியது கிடந்து கிலுகிலுத்தது. பெரியவன் செருப்பில் சின்னப்பிள்ளை நடப்பதுபோல.

“அராவிப் பள்ளத்தப் பெருசாக்கிருவோம். அந்தப் பக்கத்துப் பெரிய பள்ளத்த மாட்டுக்கொம்பு வச்சி அடச்சிருவோம். பத்து நிமிச வேல” என்று அரத்தை எடுத்து வெள்ளைக் கட்டையில் வைத்தான்.

அவன் கையைப் பிடித்துவிட்டேன். காரணம், அவன் கையெல்லாம் கிரீஸ். வேறு காரணம் ஒன்றும் இல்லை. அந்தப் பெட்டியின் மூடியில் டெல்மா குழுவில் உள்ள எல்லார் பெயரையும் வெள்ளி மையால் எழுதி வைத்திருக்கிறாள், மேலே ‘எங்கள் பொனி மாமாவுக்கு’ என்று. அதை அன்றைக்கு வடை அவசரத்தில் நான் கவனிக்கவில்லை.

தந்திகளைப் பழையபடியே போடச் சொல்லி வாங்கிவந்தேன். துரைப்பாண்டி ஒரு வெட்டிப்பயல்.

செப்டம்பர் 12, செவ்வாய்

அமலி நைலான் கயிறு வேண்டும் என்றாள், துணி காயப்போட. வீட்டில் கயிறு இருந்தது. இருந்தாலும் பெண்டாட்டி சொன்னால் தட்டாதவன் நான், வலைக் கடைக்குப் போனேன்.

கடையில் ஹிலாரி ஸ்டூலில் உட்கார்ந்து என் கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு தந்தியையும் மாற்றவில்லை. மாற்றுவதற்கு என்ன இருக்கிறது? அது வலதுகைக் கிட்டார், அவன் வலதுகைக்காரன். நான் அறுத்த கொம்பில் ஒரு திருகைப் போட்டு வாரை மாட்டியிருந்தான், அவ்வளவுதான். பல்பொடி மூடி அப்படியே இருந்தது. சுமாராக வாசித்தான். தாளத்தில் நின்றான் என்பதை மட்டும் மறுக்க முடியாது.

“என்ன வேய், இடதுகை எப்படிப் போவுது?” என்றான்.

“பிரமாதம். என்ன, பொன்விழா ஒரு பெரிய மேடை. ராசியான பழைய கிட்டாரும் பக்கத்துல இருந்தா நல்லதுன்னு டெல்மா ஆசப்படுதா. அன்னைக்கு ஒரு நாளு குடும், மறுநாள் அனுப்பிருதேன்.”

“டெல்மா ஆசப்படுதாளா?”

“சின்னப்பிள்ள. மனசு கோணக் கூடாதுல்லா.”

ஹிலாரி ஒரு தந்தியைத் தட்டி, அது அடங்கும்வரை காது கொடுத்துக் கேட்டான்.

“தாரேன் வே. ஆனா ஒண்ணு. பாதிப் பாட்டு எனக்கு.”

“என்னது?”

“இப்ப இது என் கிட்டாரு. ஊரறிய மைக்கில குடுத்தீரு. பாதிப் பாட்டு நான் வாசிக்கேன், பாதி நீரு வாசியும். மேடயில ஏறி எவ்வளவு நாளாச்சி தெரியுமா ஒமக்கு? இந்த நூல எட போட்டுப் போட்டு விரலெல்லாம் செத்துப்போச்சி.”

என் மேடையில் இவனா? அதுவும் ஊர் பார்க்க, இடதுகைக் கிட்டாரை மூலையில் வைத்துவிட்டு, நான் தானம் கொடுத்ததையே வாங்கி வாசிப்பதா? கயிற்றைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன். நன்றிகெட்ட உலகம்.

செப்டம்பர் 14, வியாழன்

ஒத்திகைக்குப் போகவில்லை, பல்வலி என்று சொல்லி அனுப்பினேன். சாயங்காலம் டெல்மாவே வீட்டுக்கு வந்தாள். அமலி கொடுத்த காப்பியை ஆறவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“மாமா, ஒரு யோசன. தப்பா எடுக்காதீங்க. பேஸ் எல்லாம் கீபோர்டுல போட்டு வச்சிட்டேன். நீங்க புது கிட்டாரோட நடுவுல நில்லுங்க. ஒங்க கிட்டார் லைன சவுண்டுல தொறக்க மாட்டோம். கைய மட்டும் அசச்சாப் போதும். யாருக்கும் தெரியாது. எனக்கும் சவுண்டுக்காரருக்கும் மட்டும்தான்.”

“ஒனக்குத் தெரியும்லா?”

“எனக்குத் தெரிஞ்சா என்ன மாமா?” என்று காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள். “எனக்கு நீங்க மேடயில இருக்கணும், அவ்ளோதான்.”

நல்ல யோசனை என்றேன். உண்மையிலேயே நல்ல யோசனை. பளபளக்கும் கிட்டார், நடு மேடை, பாட்டுக்குப் பாட்டு கைதட்டல், ஒரு பிழையும் வராது. ஊருக்கு நான் சொன்னதெல்லாம் நிரூபணமாகிவிடும். இந்தக் காலத்தில் பாதிப் பாடகர்கள் மேடையில் வாயைத்தானே அசைக்கிறார்கள்?

செப்டம்பர் 15, வெள்ளி

தண்ணீர் லாரி வரவில்லை. வேறு விசேஷம் இல்லை.

செப்டம்பர் 16, சனி

காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு, கிட்டாரை மாட்டி, பீரோ கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். அற்புதம். அந்த இத்தாலிக் கப்பல் கேப்டன் (முன்பு கிரேக்கம் என்றேனோ?) பார்த்திருந்தால் மறுபடி அழுதிருப்பான். அமலி துணி மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. சத்தமில்லாம இன்னும் நல்லா இருக்கு.”

கண்ணாடியில் இருந்தவன் எல்லாப் பாட்டையும் வாசித்தான். ஒன்று மட்டும் உதைத்தது. பேஸ் என்பது காதில் கேட்பதே இல்லை, வயிற்றில் கேட்பது. தடித்த தந்தியை இழுத்து விட்டால் தொப்புளுக்குக் கீழே ஒரு லாரி கடந்துபோகும். அதற்காகத்தான் மனிதன் பேஸ் வாசிக்கிறான், இல்லாவிட்டால் புல்லாங்குழல் வாசிக்கலாமே. கண்ணாடி முன்னால் வயிறு காலியாக இருந்தது. பசி என்று நினைத்து இட்லி சாப்பிட்டேன். நிறையச் சாப்பிட்டேன். பசி இல்லை.

கோட்டோடு வலைக் கடைக்குப் போனேன். பிற்காலத்தில் ஹிலாரி வேறு மாதிரி சொல்வான், ஆகவே நடந்ததை எழுதி வைக்கிறேன். அவன்தான் என்னிடம் கெஞ்சினான். கெஞ்சிய விதம் இது:

“என்ன வே, கோட்டெல்லாம் போட்டு? யாருக்குக் கல்யாணம்?”

“பாதிப் பாட்டுன்னு சொன்னீருல்லா. சரி.”

“எது சரி?”

“பாதி ஒமக்கு.”

“அது செவ்வாக்கிழம வெல. இன்னைக்கு முதப் பாட்டும் எனக்கு.”

“ஹிலாரி.”

“சொல்லும்.”

“முதப் பாட்டும் எடுத்துக்கிடும்.”

“கடேசிப் பாட்டு?”

“அத மட்டும் கேக்காதேயும் வே. கால்ல வேணும்னாலும் விழுதேன்.”

இவ்வளவு கெஞ்சிக் கேட்கிறானே என்று மனமிரங்கி ஒப்புக்கொண்டேன். கடைசிப் பாட்டை ஆளுக்குப் பாதி என்று முடிவாயிற்று.

டெல்மாவுக்கு போன் போட்டு, கீபோர்டில் போட்டு வைத்த பேஸை அழிக்கச் சொன்னேன். நானும் ஹிலாரியும் மாறி மாறி வாசிக்கிறோம் என்றேன். “ஹிலாரி மாமாவுக்குக் கருப்பு பேன்ட் இருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பர் 18, திங்கள்

நேற்றுக் கச்சேரி. இந்த ஊர் இப்படி ஒரு கச்சேரியைப் பார்த்ததில்லை.

முதலில் ஹிலாரி. முதல் பாட்டு முழுக்க நான் மேடை ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முன்வரிசையில் ஒருவன், “பொனி அண்ணாச்சி, புதுக் கிட்டாரு எங்க?” என்று கத்தினான். “வீட்டுல தூங்குது” என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். காதுகள் எரிந்தன, விளக்கு வெளிச்சத்தின் சூடு அப்படி.

பாட்டு முடிந்தது. ஹிலாரி வாரைக் கழற்றினான். நான் வாங்கி, கிட்டாரை ஒரே புரட்டில் தலைகீழாக்கி, வாரை மறு கொம்பில் மாட்டினேன். தடித்த தந்தி கீழே வந்தது. டிரம்ஸ்காரன் நான்கு எண்ணினான்.

லாரி கடந்துபோனது.

இதற்குமேல் அந்தப் பாட்டைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. இது எனக்கு அபூர்வம்.

அதன்பின் ஒவ்வொரு பாட்டுக்கும் கிட்டார் கை மாறியது, தலை மாறியது. ஒரே கிட்டார், ஒருவனுக்கு நிமிர்ந்து, இன்னொருவனுக்குக் கவிழ்ந்து. மூன்றாம் நான்காம் பாட்டில் சனத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. பாட்டுக்குக் கைதட்டுவது போய், புரட்டுவதற்குக் கைதட்ட ஆரம்பித்தார்கள். ஹிலாரி அசிங்கமாக இளித்தான். வெட்கமில்லாதவன், கண்ணெல்லாம் தண்ணீர் வேறு.

கடைசிப் பாட்டில் சரணத்துக்கு நடுவே மாற்றினோம். அவன் தடித்த தந்தியை ஓங்கி இழுத்துவிட்டு, அந்த நாதம் அடங்கும் முன்னே என்னிடம் நீட்டினான். நாதம் அறுபடாமல் நான் தொடர்ந்தேன். டெல்மா சொல்கிறாள், நடுவில் இரண்டு ஆவர்த்தனம் பேஸே இல்லையாம், ஹிலாரியின் வார் என் கோட்டுப் பொத்தானில் மாட்டிக்கொண்டதாம், சனம் எழுந்து நின்று கத்தியதால் யாருக்கும் கேட்கவில்லையாம். பொறாமைக்காரி.

ஒயர்களைச் சுருட்டும்போது அவள் பக்கத்தில் வந்தாள்.

“மாமா, அப்ப இத்தன வருசமா சொன்ன பேச்செல்லாம்?”

“எந்தப் பேச்சு?”

“இடதுகை கிட்டார் கெடச்சிருந்தா…”

நான் ஒயரைச் சுருட்டினேன். நன்றாகச் சுருட்டிய ஒயரை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினேன்.

“கடையில திருப்பி எடுப்பாவளான்னு கேக்கட்டா மாமா?” என்று மெதுவாகக் கேட்டாள். அவள் முகம் கணக்கு டீச்சர் முகமாக இல்லை.

“அதத் தொட்டா கைய ஒடிப்பேன்” என்றேன். “அது என் கிட்டாரு.”

செப்டம்பர் 20, புதன்

மணப்பாட்டிலிருந்து ஒரு திருவிழாவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். “அந்தப் புரட்டிப் போடுற ரெண்டு பேரும் வரணும்” என்றார்களாம். என்னைத்தான் கேட்டிருப்பார்கள், மரியாதைக்காக ஹிலாரியையும் சேர்த்திருப்பார்கள்.

மத்தியானம் அமலி அடுக்களையில் மீன் உரசிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்து கிட்டாரைத் துடைத்தேன். துடைக்கும்போது சுருதி கலைந்திருக்குமோ என்று பார்க்க வேண்டுமல்லவா, சின்ன ஆம்ப்பில் மாட்டிச் சத்தத்தைக் குறைத்து வைத்தேன். தடித்தது மேலே. மேலே. மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு விரலாக வைத்தேன். ஞாயிறு மறைக்கல்வியில் பிள்ளைகள் பாடுகிற ஒரு சின்னப் பாட்டு. இரண்டு வரி போனது, மூன்றாம் வரியில் விரல் பழைய இடத்துக்கு ஓடிற்று. கேவலமான கிட்டார்.

அமலி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். “இந்தாங்க, பக்கத்து வீட்டுல யாரும் புதுசா கிட்டாரு படிக்காவளா?”

“ஆமா, எவனோ ஒருத்தன். தேற மாட்டான்.”

“பாவம், அப்படிச் சொல்லாதீங்க. தாளம் நல்லா இருக்கு.”

கதவைச் சாத்திவிட்டு, மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன்.